பிராசேரோக்களின் பத்து சதவீதம்

மாதச் சம்பளக்காரர்களான நாம் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கையில் எவ்வளவு வருகிறது? அப்புறம்தான் நடுவில் இருக்கும் பிடித்தங்கள். பி.எஃப். எவ்வளவு, வருமான வரி எவ்வளவு, போன மாதம் இல்லாத ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறதே, அது என்ன? ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பி.எஃப். விஷயத்தில் தனிக் கவலையே உண்டு. மூன்று கம்பெனி, இரண்டு மாநிலம் மாறி, பழைய கணக்கில் கிடக்கும் பணத்தை எடுக்க அலைந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

உங்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். 1942ல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கப் பண்ணைகளுக்கு வேலைக்குப் போன கூலிகளின் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தார்கள். சேமிப்பு என்று பெயர். ஊர் திரும்பியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. திரும்பிப் போன ஏராளமானவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்கவேயில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது 2001ல். ஒருவிதமாக முடிந்தது 2008ல்.

அமெரிக்காவில் லத்தீனோக்கள் என்றாலே டிவியில் சுவரையும் முள்வேலியையும் கைவிலங்கையும்தான் காட்டுகிறார்கள். 'சட்டவிரோதமாக வந்தவர்கள்' என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவர்களை யார் கூப்பிட்டார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசாக முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1917ல் அமெரிக்கா ஒரு குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. உலக வரைபடத்தில் ஆசியாவின் பெரும்பகுதியை வளைத்து ஒரு கோடு போட்டு, அதற்குள்ளிருந்து கூலி வேலைக்கு ஒருவரும் வரக்கூடாது என்று சொன்ன சட்டம் அது. இந்தியாவும் அந்தக் கோட்டுக்குள்தான். மற்ற நாட்டுக்காரர்களுக்கு எழுத்தறிவுச் சோதனை, தலைக்கு 8 டாலர் வரி. மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்த விவசாயக் கூலிகளில் பாதிப்பேர் இந்தச் சோதனையில் தேறமாட்டார்கள் என்று தெரிந்ததும் தென்மேற்கு மாநிலங்களின் பண்ணையார்கள் குய்யோ முறையோ என்று கூச்சல் போட்டார்கள். ரயில் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. அதே வருடமே மெக்சிகோ கூலிகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு வந்துவிட்டது. ஒரே சட்டத்தில் நமக்குக் கதவை அடைத்தார்கள், அவர்களுக்குப் பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

1924ல் ஐரோப்பியர்களுக்கு நாட்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தபோதும் மெக்சிகோவுக்கு அந்த வரம்பு இல்லை. காரணம் அதேதான், பண்ணைக்கு ஆள் வேண்டும். ஆனால் 1929 மார்ச்சில் இன்னொரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டுவது அதுவரை திருப்பி அனுப்பத்தக்க செயல்தான், குற்றம் அல்ல. இந்தச் சட்டம் அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்த வருடக் கடைசியில் பங்குச்சந்தை விழுந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது, பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் லா பிளசிட்டா என்ற பூங்காவைச் சுற்றி வளைத்து சுமார் 400 பேரை நிறுத்தி வைத்துக் காகிதம் கேட்டார்கள். அந்தப் பத்தாண்டில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. 4 லட்சம் என்பவர்களும் உண்டு, 10 லட்சத்துக்கும் மேல் என்பவர்களும் உண்டு. அதில் கணிசமானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், குறிப்பாகக் குழந்தைகள். எல்லாரையும் போலீஸ் பிடித்து அனுப்பவில்லை. உள்ளூர் நிவாரண அலுவலகங்கள் 'உதவித்தொகை இனி இல்லை, ரயில் டிக்கெட் நாங்கள் எடுத்துத் தருகிறோம்' என்று சொல்லி அனுப்பியதும் ஏராளம். கலிஃபோர்னியா மாநிலம் இதற்கு மன்னிப்பு கேட்டுச் சட்டம் இயற்றியது 2005ல்.

விரட்டி முடித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை, இரண்டாம் உலகப்போர். பண்ணையாட்கள் ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். மறுபடி மெக்சிகோ ஞாபகம் வந்தது. 1942 ஆகஸ்ட் 4 அன்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பர் கடைசியில் முதல் தொகுதி ஆட்கள் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் போய் இறங்கினார்கள். இவர்களுக்குத்தான் பிராசேரோ என்று பெயர். ஸ்பானிஷில் 'பிராஸோ' என்றால் கை. கையால் உழைப்பவன் என்று அர்த்தம் வரும். 22 வருடம் இந்தத் திட்டம் ஓடியது. மொத்தம் கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். ஒரே ஆள் நாலைந்து முறை போனதும் இதில் அடக்கம் என்பதால் ஆட்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு.

அந்த ஒப்பந்தத்தைக் காகிதத்தில் படித்தால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. முப்பதுகளின் அவமானத்தை மறக்காத மெக்சிகோ அரசு கறாராகப் பேரம் பேசியிருக்கிறது. மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி. போக வரச் செலவு அவர்களுடையது. தங்க இடம் இலவசம். ஒப்பந்தக் காலத்தில் நான்கில் மூன்று பங்கு நாட்களுக்காவது வேலை உறுதி. ராணுவத்தில் சேர்க்கக்கூடாது. இனப் பாகுபாடு காட்டக்கூடாது. நம் நாட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளி ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால் 'இப்படியும் ஒரு ஒப்பந்தமா' என்றுதான் கேட்பார். டெக்ஸாஸ் மாநிலத்தில் மெக்சிகர்களை ஓட்டலுக்குள் விடாத வழக்கம் இருந்ததால், அந்த ஊருக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று போர்க்காலம் முழுக்க மெக்சிகோ மறுத்தது. டெக்ஸாஸ் ஆளுநர் பயந்துபோய் 1943ல் நல்ல அண்டை வீட்டார் ஆணையம் என்று ஒன்றை அமைத்தார். பருத்தி எடுக்க ஆள் இல்லையென்றால் மரியாதை தானாக வருகிறது.

இதே ஒப்பந்தத்தில்தான் அந்தப் பத்து சதவீதமும் இருந்தது. மெக்சிகோ தரப்பில் சொன்ன காரணம், திரும்பி வருகிறவன் வெறுங்கையோடு வராமல் விவசாயக் கருவிகள் வாங்கிக்கொள்ளட்டும் என்பது. அமெரிக்கத் தரப்புக்கு வேறு பயன். பணம் ஊரில் காத்திருந்தால் ஆள் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவான், இங்கேயே தங்கிவிட மாட்டான். பிடித்த பணம் வெல்ஸ் ஃபார்கோ வங்கி வழியாக மெக்சிகோவின் மத்திய வங்கிக்குப் போகும். அங்கிருந்து பண்ணைக் கூலிகளின் பணம் விவசாயக் கடன் வங்கிக்கும், ரயில் பாதை வேலைக்குப் போனவர்களின் பணம் தேசியச் சேமிப்பு வங்கிக்கும் போகும். (1943 முதல் 1945 வரை ரயில் வேலைக்கும் தனியாக ஒரு லட்சத்துக்கு மேல் ஒப்பந்தங்கள் போட்டார்கள்.) தொழிலாளி ஊர் திரும்பி, அந்த வங்கியில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஆள், தலைநகரில் இருக்கும் வங்கியில் போய் விண்ணப்பிக்க வேண்டும்! இப்படி ஒரு பிடித்தம் இருப்பதே தெரியாது என்று பின்னாளில் சொன்னவர்கள் பலர்.

வேலைக்கு எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பிரமுகரிடம் சீட்டு வாங்க லஞ்சம். அதை எடுத்துக்கொண்டு ஆள் எடுக்கும் மையத்துக்குப் போய்க் கால்கடுக்கக் காத்திருக்க வேண்டும். சோனோரா மாநிலத்தில் எம்பால்மே என்ற சிறிய ஊர் அப்படிப்பட்ட ஒரு மையம். அங்கே முதல் சோதனை உள்ளங்கை. காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கை வழவழவென்று இருந்தால் ஆள் பட்டணத்துக்காரன், வேலைக்கு ஆகமாட்டான். எல்லை தாண்டியதும் அமெரிக்க மையத்தில் துணியைக் களைந்து நிற்க வைத்து டிடிடி பொடி அடிப்பார்கள். லெனார்ட் நடேல் என்ற புகைப்படக்காரர் 1956ல் டெக்ஸாஸின் ஹிடால்கோ மையத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. முகமூடி போட்ட ஒருவர், வரிசையில் நிற்கும் தொழிலாளியின் முகத்துக்கு நேரே பொடியைப் பீய்ச்சுகிறார். பின்னால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம் அது. பூச்சிமருந்தைப் பயிருக்கு அடிப்பதற்கு முன்னாலேயே ஆளுக்கு அடித்துவிட்டார்கள்.

கூலி எப்படி நிர்ணயமானது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகச் சாமர்த்தியமாகத் தோன்றும் இடம். சம்பளக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இருக்கலாம். 1951ல் கொரியப் போரைச் சாக்காக வைத்து 78ஆம் எண் பொதுச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி அந்தந்தப் பகுதியில் 'நடப்பில் இருக்கும் கூலி'யைக் கொடுக்க வேண்டும், உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால்தான் பிராசேரோவைக் கூப்பிடலாம். நல்ல விதிதானே? நடந்தது என்னவென்றால், சீசன் ஆரம்பிக்கும் முன் பண்ணையார் சங்கம் கூடி இந்த வருடம் இவ்வளவுதான் கூலி என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்யும். அந்தக் கூலிக்கு உள்ளூர் ஆட்கள் வரமாட்டார்கள். உடனே ஆள் பற்றாக்குறை என்று மனு போகும். சங்கம் முடிவு செய்த கூலியே நடப்புக் கூலி என்று அரசாங்கம் எழுதிக்கொள்ளும். பிராசேரோ வருவார். அவருக்கு வேறு பண்ணைக்கு மாற உரிமை கிடையாது. ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை. தகராறு செய்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த வருடம் பட்டியலில் பெயர் வராது. சாப்பாட்டுக்கு நாளைக்கு 1.75 டாலர் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம், மழையில் வேலை நின்ற நாளுக்கும் சேர்த்து.

இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர் எர்னஸ்டோ கலார்ஸா. சிறுவனாக மெக்சிகோவிலிருந்து வந்து, வயலில் வேலை செய்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு பண்ணைத் தொழிலாளர் சங்க வேலைக்கே திரும்பியவர். 1956ல் முகாம் முகாமாகப் போய், தொழிலாளர்களின் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பண்ணையார்கள் கொதித்துப்போனார்கள். சீட்டில் இருப்பதைத்தானே அவர் எழுதினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பிராசேரோ திட்டத்தை எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் அமெரிக்காவிலேயே வேரூன்றிய மெக்சிக வம்சாவளியினர்தான். கலார்ஸாவும் எதிர்த்தார், பிறகு சீசர் சாவேஸும் எதிர்த்தார். போரிலிருந்து திரும்பிய லத்தீனோ வீரர்களின் அமைப்பும் எதிர்த்தது. வேலைநிறுத்தம் செய்தால் அடுத்த நாள் காலையில் லாரியில் பிராசேரோக்கள் வந்து இறங்கினால் என்ன செய்வது? போதாததற்கு, தொழிற்சங்க உரிமை தந்த 1935ஆம் வருடச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களை விட்டுவிட்டது. இவர்கள் இனத் துரோகிகள் என்று இன்று யாராவது எழுதினால் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிந்தது.

ஒப்பந்தத்தோடு வந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், ஒப்பந்தம் கிடைக்காமல் ஆற்றைக் கடந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். பண்ணையார்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டாவது இன்னும் மலிவு. 1948 அக்டோபரில் எல் பாசோவில் நடந்ததைக் கேளுங்கள். நூறு ராத்தல் பருத்திக்கு 3 டாலர் வேண்டும் என்று மெக்சிகோ, இரண்டரைதான் என்று டெக்ஸாஸ் பண்ணையார்கள். பேச்சு இழுத்தது. எல்லையில் ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் சில நாட்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்களைச் சட்டப்படி 'கைது' செய்து, அங்கேயே பண்ணையார்களின் பொறுப்பில் விட்டார்கள். லாரிகள் தயாராக நின்றன. மெக்சிகோ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது, பருத்தி எடுத்து முடிந்திருந்தது.

1952 சட்டம் இன்னும் வெளிப்படை. அனுமதி இல்லாமல் வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்று எழுதிவிட்டு, வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். டெக்ஸாஸ் விலக்கு என்றே அதற்குப் பெயர். வருகிறவன் குற்றவாளி, வேலைக்கு வைத்தவர் நிரபராதி. இந்த நிலை 1986 வரை நீடித்தது.

1954 கோடையில் பெரிய விரட்டல். அதற்கு அரசு வைத்த பெயரே ஆற்றில் நனைந்து வந்தவர்கள் என்று மெக்சிகர்களைக் கேலி செய்யும் வசைச்சொல். நடத்தியவர் ஓய்வுபெற்ற தளபதி ஜோசப் ஸ்விங். 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினோம் என்று அறிவித்தார்கள், இது ஊதிய கணக்கு என்பது பின்னாளைய வரலாற்றாசிரியர்களின் கருத்து. சிலரைக் கப்பலில் ஏற்றி வேராக்ரூஸ் வரை கொண்டுபோய் விட்டார்கள். அதில் ஒரு கப்பலின் பெயருக்கு விடுதலை என்று பொருள். யார்தான் இப்படிப் பெயர் வைக்கிறார்களோ. விரட்டல் நடந்த அதே காலத்தில் பிராசேரோ ஒப்பந்தங்கள் ஏறிக்கொண்டே போயின. 1953ல் சுமார் 2 லட்சம், 1956ல் 4.45 லட்சம், அதுதான் உச்சம்.

அதே 1956ல்தான், பிராசேரோக்களை நம்பியிருந்த இம்பீரியல் பள்ளத்தாக்கு அடங்கிய தொகுதியிலிருந்து தலீப் சிங் சவுந்த் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பஞ்சாபில் பிறந்தவர். 1946ல் இந்தியர்களுக்குக் குடியுரிமை அனுமதித்த பிறகு 1949ல் குடிமகனானவர். அந்தப் பள்ளத்தாக்கின் பழைய பஞ்சாபி விவசாயிகள் பலர் மெக்சிகப் பெண்களைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஊரிலிருந்து பெண் அழைத்துவரச் சட்டம் விடவில்லை. 1917 கோட்டுக்குள் அடைபட்டவர்களும் வெளியே விடப்பட்டவர்களும் ஒரே வீட்டில் ரொட்டி சுட்டார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுத வேண்டும்.

பெயர் பற்றிச் சொல்கிறேன். 1948 ஜனவரி 28 அன்று ஓக்லண்டிலிருந்து மெக்சிகோ எல்லைப் பக்கம் போன விமானம் ஒன்று லாஸ் கேட்டோஸ் என்ற மலையிடுக்கில் விழுந்து 32 பேர் இறந்தார்கள். 28 பேர் திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிகோ தொழிலாளர்கள். ஒப்பந்தம் முடிந்த பிராசேரோக்களும் காகிதம் இல்லாதவர்களும் கலந்து இருந்தார்கள். விமான ஊழியர் மூவர், குடிவரவுக் காவலர் ஒருவர், இந்த நால்வரின் பெயர்கள் செய்தியில் வந்தன. மற்றவர்கள் 'நாடு கடத்தப்பட்டவர்கள்', அவ்வளவுதான். பாடகர் உடி கத்ரி இதைக் கேட்டுக் கொதித்து ஒரு கவிதை எழுதினார், அது பிறகு பாட்டாகி உலகம் சுற்றியது. ஃப்ரெஸ்னோவில் 28 பேரும் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அவர்கள் பெயர் பொறித்த கல் வந்தது 2013ல்.

1963 செப்டம்பர் 17 அன்று சலினாஸ் பள்ளத்தாக்கில் சுவலார் என்ற ஊருக்குப் பக்கத்தில், லாரியைப் பஸ்ஸாக மாற்றிய வண்டி ஒன்று வேலை முடித்த பிராசேரோக்களை ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தபோது ரயில் மோதியது. அதிலும் 32 சாவு. விசாரிக்க நாடாளுமன்றக் குழு அனுப்பியது கலார்ஸாவை. திட்டத்துக்கு எதிரான குரல்கள் ஏற்கெனவே வலுத்திருந்தன, 1964 டிசம்பர் 31 அன்று திட்டம் முடிந்தது. அதை நிர்வகித்த தொழிலாளர் துறை அதிகாரியே பின்னாளில் அதைச் சட்டபூர்வ அடிமைமுறை என்று வர்ணித்தார்.

பிராசேரோ போனதும் உள்ளூர்க் கூலி உயர்ந்ததா? இதை மூன்று பொருளாதார அறிஞர்கள் மாநிலவாரியாகக் கணக்குப் பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். உயரவில்லை. பிராசேரோக்களை அதிகம் வைத்திருந்த மாநிலங்களிலும் அறவே வைத்திராத மாநிலங்களிலும் கூலி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போனது. பண்ணையார்கள் அதிகக் கூலி கொடுப்பதற்குப் பதில் தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினார்கள், இயந்திரம் இல்லாத பயிர்களில் சிலவற்றைக் குறைத்தார்கள். வெளியாளை விரட்டினால் உள்ளூர்க்காரனுக்குக் கூலி தானாக ஏறும் என்று எந்த ஊரில் யார் மேடையில் பேசினாலும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த வருடம், 1965ல், புதிய குடிவரவுச் சட்டம். நம்மவர்கள் அமெரிக்கா போகக் கதவு திறந்த சட்டம் என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். இதே சட்டம்தான் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 1,20,000 குடியேற்ற விசா என்று முதன்முறையாக வரம்பு போட்டது. 1976ல் நாட்டுக்கு 20,000 என்று இன்னும் இறுக்கினார்கள். வருடத்துக்கு லட்சக்கணக்கில் ஒப்பந்தத்தோடு போய்வந்த ஊர்களிலிருந்து, அதே பண்ணைகளுக்கு, அதே வேலைக்கு ஆட்கள் தொடர்ந்து போனார்கள். கையில் காகிதம் மட்டும் இல்லை. 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்று இன்று பேசப்படுவதில் பெரும்பங்கு அங்கே ஆரம்பிக்கிறது.

இன்றும் அமெரிக்கப் பயிர் வேலைக்காரர்களில் பத்தில் நான்கு பேர் அளவில் காகிதம் இல்லாதவர்கள் என்கின்றன அரசாங்கத்தின் கணக்கெடுப்புகள். சட்டப்படி வருகிறவர்களுக்கு எச்-2ஏ என்ற விசா, அதிலும் ஒரு முதலாளியோடுதான் கட்டு. காகிதம் இல்லாதவர்களுக்கும் பிடித்தம் உண்டு. வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022ல் மட்டும் இவர்கள் ஓய்வூதிய நிதிக்குக் கட்டியது சுமார் 2,570 கோடி டாலர். அந்த ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடைக்காது. எச்-1பி விசாவில் போய்ப் பத்து வருடம் முடிவதற்குள் திரும்பி வந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பிடித்தத்தின் சுவை தெரியும். பல வருடப் பேச்சுக்குப் பிறகும் இரு நாட்டுக்கும் இடையே இதற்கு உடன்பாடு வந்தபாடில்லை.

இப்போது அந்தப் பழைய பத்து சதவீதத்துக்கு வருகிறேன்.

நாற்பதுகளில் ஊர் திரும்பி வங்கியைக் கேட்டவர்களில் சிலருக்குப் பணம் கிடைத்தது. பலருக்கு இங்கே அப்படி ஒன்றும் வரவில்லை என்ற பதில்தான். நாற்பதுகளின் கடைசியில் பிடித்தம் நின்றது. விவசாயக் கடன் வங்கி 1975ல் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது, அந்த வங்கியும் 2003ல் மூடப்பட்டது. கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்க ஓர் அலுவலகம்கூட மிஞ்சவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பழைய பிராசேரோக்களும் அவர்கள் பிள்ளைகளும் ஊர் ஊராகக் கூட்டம் போட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக்களில் கூடி, மரப்பெட்டிக்குள் கிடந்த ஒப்பந்தத் தாளையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்து காட்டிக்கொண்டார்கள்.

2001ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்கு. எதிர்மனுதாரர்கள் அமெரிக்க அரசு, மெக்சிகோ அரசு, வங்கிகள். 2002ல் நீதிபதி சார்ல்ஸ் பிரையர் தள்ளுபடி செய்தார். பலருக்குப் பணம் வந்து சேரவில்லை என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்று எழுதிவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார். கால வரம்பு கடந்துவிட்டது, இறையாண்மை உள்ள அரசின் மேல் வழக்குப் போட முடியாது, இவைதான் காரணங்கள். தன் பங்குப் பணத்தை மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்ன வெல்ஸ் ஃபார்கோ வழக்கிலிருந்து விலகியது. கலிஃபோர்னியா சட்டமன்றம் அதே வருடம் பிராசேரோக்களுக்காகவே கால வரம்பைத் தளர்த்தி ஒரு சட்டம் போட்டது. வழக்கு உயிர் பிடித்து, 2005ல் மெக்சிகோவுக்கு எதிராக மட்டும் தொடரலாம் என்று அனுமதி கிடைத்தது.

மெக்சிகோவில் அதற்குள் கிழவர்கள் பொறுமை இழந்திருந்தார்கள். 2004 பிப்ரவரியில் அதிபர் ஃபாக்ஸின் குடும்பப் பண்ணைக்குள் கூட்டமாகப் புகுந்துவிட்டார்கள். ஃபாக்ஸ் குவானவாட்டோ மாநிலத்துக்காரர், பிராசேரோக்கள் ஏராளமாகப் போன மாநிலம் அது. 2005ல் மெக்சிகோ சட்டம் இயற்றியது. 1942 முதல் 1964 வரை போனவர்களுக்கு, இறந்திருந்தால் மனைவி மக்களுக்கு, 38,000 பெசோ. அந்தச் சட்டம் இந்தத் தொகையை 'சமூக உதவி' என்று அழைக்கிறது. பிடித்த பணம் என்றோ பாக்கி என்றோ சொல்லவில்லை. மூன்று மாதம் போனவருக்கும் முழுசாக மூன்று வருடம் உழைத்தவருக்கும் ஒரே தொகை. வட்டிக் கணக்கெல்லாம் கேட்கவே கூடாது.

2008 அக்டோபரில் அமெரிக்க வழக்கு சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவில் வசிக்கும் பழைய பிராசேரோக்களுக்கு ஆளுக்கு சுமார் 3,500 டாலர். 1942 முதல் 1946 வரை வேலை செய்திருக்க வேண்டும். மெக்சிகோ அரசு தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1942ல் இருபது வயதில் போனவருக்கு அப்போது 86 வயது.

விண்ணப்பத்தோடு சான்று வைக்க வேண்டும். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இதுமாதிரி அறுபது வருடத்துக்கு முந்தைய அசல் காகிதம் ஏதாவது ஒன்று. தகர முகாமில் படுத்து, வருடா வருடம் எல்லை தாண்டி, பிள்ளைகளோடு நாலைந்து ஊர் மாறியவர்கள் அந்தச் சீட்டைத் தேடினார்கள். கிடைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.